பயோஎதிக்ஸ் படிப்பு டியூட்டி முடிந்து வருகிறவர்களுக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு மேற்படிப்புகள் பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த பக்கத்தில், பயோஎதிக்ஸ், அதாவது சிகிச்சையிலும் மருத்துவ ஆய்விலும் எது சரி, எது தப்பு என்று பார்க்கும் உயிர் அறவியல் முதுகலைக்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஏற்ற படிப்பு என்று போட்டிருந்தது. நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் செவிலியர். 11 வருடமாக டயாலிசிஸ் பிரிவில் வேலை. அந்தப் படிப்பைத்தான் இப்போது இரண்டாவது வருடமாகப் படிக்கிறேன். பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், இணையம் வழியாக, பகுதிநேரமாக. அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஏன் இதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் ஒரு மருந்து ஆய்வுக்கு நோயாளிகளைச் சேர்த்தார்கள். சுய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கித் தரும் வேலை எங்களுக்கு வந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வருகிறவர், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "சிஸ்டர், இதுல நான் கையெழுத்துப் போடலைன்னா வியாழக்கிழமை எனக்கு மெஷின் கிடைக்குமா?"

"கண்டிப்பா கிடைக்கும்மா" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டார். சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சை பாதிக்காது என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது, நான்காம் பக்கத்தில். நான் சொன்னதும் பொய் இல்லை. ஆனாலும் அந்த அம்மா தன் விருப்பப்படி சம்மதித்தார் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. அதற்கு என்ன பெயர், யாரிடம் கேட்பது என்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தேடியபோதுதான் இதற்கென்று ஒரு படிப்பே இருப்பது தெரிந்தது.

விண்ணப்பம் போடுவது பெரிய வேலை. மதிப்பெண் பட்டியல் மூடி முத்திரையிட்ட உறையில் போக வேண்டும் என்றார்கள். அதற்காகக் கிண்டியில் இருக்கும் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டு அலைந்தேன். ஆங்கிலத் தேர்வு எழுதினேன். இரண்டு பரிந்துரைக் கடிதம் வேண்டும். நர்சிங் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த மேடம் உடனே எழுதிக் கொடுத்தார். எங்கள் பிரிவு டாக்டரோ, "எம்எஸ்சி நர்சிங் படிம்மா, பதவி உயர்வாவது வரும், இது எதுக்கு?" என்றார். அக்கறையில்தான் சொன்னார். மூன்று வாரம் கழித்து அவரும் எழுதித் தந்தார்.

'இந்தப் படிப்பு ஏன்' என்று இரண்டு பக்கம் எழுத வேண்டியிருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு அலுவலகத்தில் பணம் கட்டினால் அவர்களே எழுதித் தருவதாகச் சொல்லி, ஒரு மாதிரியும் காட்டினார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கனவு இருந்தது என்று அது ஆரம்பித்தது. எனக்கு அப்படி ஒன்றும் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து, மெஷின் கிடைக்குமா என்று அந்த அம்மா கேட்டதைத் தமிழில் எழுதினேன். பிறகு அதை நானே ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினேன். இடம் கிடைத்தது, கட்டணத்தில் ஒரு பகுதியையும் குறைத்தார்கள். இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வார்டில் உங்களைத் தூங்கவிடாமல் செய்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வகுப்பு இரவு பத்தரை மணிக்கு. அங்கே அப்போது மாலை ஐந்து. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் நேரம் அது. ஹாரன் சத்தத்தில் மைக்கை அணைத்து அணைத்துப் பேசுவேன். முதல் பருவத்தில் டஸ்கீகி என்ற ஊரில் நடந்த ஆய்வைப் படித்தோம். அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை, 40 வருடம், சிபிலிஸ் நோய் இருந்த ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காலையில் என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அங்க நர்சு யாரும் இல்லியா?" என்று கேட்டார். இருந்தார். கடைசிவரை கூடவே இருந்தார். அன்று டியூட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது.

இரண்டாம் பருவத்தில் சிறுநீரக விற்பனை பற்றி விவாதம். ஏழை தன் உடம்பைத் தன் விருப்பப்படி விற்பதை அரசாங்கம் ஏன் தடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் வலுவாகப் பேசினார்கள். படிக்கத் தந்த பக்கங்களில் ஒரு அடிக்குறிப்பில் சென்னை வந்தது. 2002-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் பேசியிருக்கிறார்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு, விற்ற பிறகும் கடன் தீரவில்லை. குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இன்னொருவருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள்.

அந்த வகுப்பில் வடசென்னையின் எர்ணாவூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். சுனாமிக்குப் பிறகு அங்கே குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007 ஜனவரியில் வெளியானது. என் அத்தை வீடு அந்தப் பக்கம்தான். இடுப்பு ஓரத்தில் நீளமாகத் தையல் தழும்போடு குழாயடியில் குடம் தூக்க முடியாமல் நின்ற அக்காவை நான் பார்த்திருக்கிறேன். 1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவினரல்லாதவர் விஷயத்தில் அங்கீகாரக் குழுவின் அனுமதியைக் கேட்கிறது. பாசத்தாலோ பற்றுதலாலோ தருகிறேன் என்று காட்ட வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது யாரோ சொல்லித் தந்தபடி ஒரு பெண் குழுவின் முன் நின்று பாசம் என்று சொன்னால், அதுவும் கையெழுத்துத்தானே? இதை என் உடைந்த ஆங்கிலத்தில் பதினைந்து நிமிடம் பேசினேன். யாரும் குறுக்கிடவில்லை.

அந்த வகுப்பறையை நான் குறை சொல்லவில்லை. சம்மதம் வேறு, வேறு வழியில்லாமை வேறு என்று பிரித்துப் பார்க்க எனக்கு அங்கேதான் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது வார்டில் ஒரு படிவம் வந்தால் முதலில் நான்காம் பக்கத்தைத் திறந்து, அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். கையெழுத்தை மறுநாளுக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறேன். வீட்டில் பேசிவிட்டு வரட்டும்.

என் ஆய்வேடு இந்தப் படிவங்களின் தமிழைப் பற்றியது. 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்கள்', 'மருந்துப்போலி' என்றெல்லாம் இருக்கும். படித்துக் காட்டினால் தலையை ஆட்டுவார்கள். 'சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி' என்று நானே எளிமையாக்கிப் பார்த்தேன். எல்லோருக்கும் உடனே புரிந்தது, ஆனால் தப்பாகப் புரிந்தது. நம் ஊரில் குலுக்கல் என்றால் பரிசு. புது மருந்து யாருக்கு விழுகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மருந்து நல்லதா கெட்டதா என்பதே இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு என்பது அடிபட்டுப் போனது. இப்போது 'பழைய மருந்தா, புதுசா என்று டாக்டரும் தேர்ந்தெடுக்க மாட்டார், நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது' என்று சொல்லிப் பார்க்கிறேன். மருந்துப்போலியை 'மருந்து இல்லாத மாத்திரை' என்கிறேன். "அப்போ எனக்கு மருந்தே குடுக்க மாட்டீங்களா?" என்று ஒரு தாத்தா கோபப்பட்டார். அவர் கோபப்பட்டதில் எனக்குச் சந்தோஷம். அவருக்குப் புரிந்துவிட்டது.

இந்த வேலையை லண்டனில் உட்கார்ந்து செய்ய முடியாது. சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1956-ல் ஆரம்பித்தது. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் சேர்த்த அளவுக்கே காசநோய் குணமாகும் என்பதை இந்த நகரத்தின் ஏழை நோயாளிகள்தான் உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தார்கள். இத்தனை ஆய்வுக்கு உடம்பைத் தந்த ஊரில், அதன் அறத்தைப் பேசுகிற படிப்பு எனக்கு இரவு பத்தரை மணிக்கு வேறு நாட்டிலிருந்துதான் கிடைத்தது.

2019-லிருந்து எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு 'ஏட்காம்' என்ற பெயரில் அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் பாடமாக இருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் படிவத்தை நோயாளி கையில் கொடுப்பது பல இடங்களில் நர்ஸ், சமூகப்பணியாளர், ஆய்வு ஒருங்கிணைப்பாளர். அதே 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் அறநெறிக் குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும் என்கின்றன. அதில் ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவத் துறை சாராத ஒரு பொதுநபர் இருக்க வேண்டும். சமூகவியலாளர், அறவியலாளர் போன்றோருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த நாற்காலிகளில் காசிமேட்டையும் எர்ணாவூரையும் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அரசுக்கு உங்கள் மூலமாக ஒரு கோரிக்கை. பயோஎதிக்ஸில் ஒரு முதுகலையை, முதுகலை முடியாவிட்டால் ஒரு வருட டிப்ளமோவையாவது, அரசுக் கட்டணத்தில், மாலை நேரத்தில், தமிழில் கற்பிக்கும்படி தொடங்குங்கள். தேர்வைத் தமிழில் எழுதவிடுங்கள். நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், ஆய்வக ஊழியர், சமூகப்பணியாளர் எல்லோரும் சேரலாம் என்று வையுங்கள். வகுப்பு ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஆறரை மணிக்கு மேல் நடந்தால், காலை ஷிப்ட் முடித்தவர்கள் வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து சேர முடியும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.