வாங்குகளை மீண்டும் போடுவோம்: கடைத்தொகுதி வர்த்தகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உடன் வர்த்தகர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும்.

எத்தனை கூட்டம் கூடினோம், எத்தனை கடிதம் எழுதினோம் என்ற கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. மழையால் மார்கழிக் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. சந்தா வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் இந்தக் கட்டடத்தில் முதன்முதலாகக் கதவு திறந்த புடவைக்கடைக்காரர். திறப்பு நாளில் வெயிலில் நின்ற எல்லோருக்கும் மோர் கொடுத்தவர். அவர்கள் இருவருக்கும் சற்றுமுன் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

மிச்ச நேரத்தை ஒரே விடயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். மட்டக்களப்பில் உள்ள நம் கடைத்தொகுதி எப்படி வெறிச்சோடிப் போனது, அதில் நம் பங்கு என்ன என்பதுதான் அது.

இன்று மேல்தளத்தில் திறந்திருப்பவை நான்கு கடைகள். ஸ்டூடியோ, ரியூஷன் வகுப்பு, கைத்தொலைபேசி திருத்தும் கடை, கோடியில் நம் மூத்த உறுப்பினரின் தையற்கடை. மற்ற இரும்புக் கதவுகளில் பூட்டுகள் துருப்பிடித்துவிட்டன. போன மாதம் மாலை ஆறு மணியளவில் நான் கீழே நடுமுற்றத்தில் நின்றிருந்தேன். ஆரையம்பதியிலிருந்து வந்த ஒரு தாய், வயது எழுபது இருக்கும், அண்ணாந்து பார்த்து, “தம்பி, சட்டை முடிந்துவிட்டதா?” என்று கூப்பிட்டார். மேலே தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. கைப்பிடிச் சுவருக்கு மேலால் ஒரு பிரம்புக் கூடை நைலோன் கயிற்றில் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. உள்ளே மடித்துவைத்த சட்டை, அதன்மேல் கூலி எழுதிய துண்டுச் சீட்டு. அந்தத் தாய் சட்டையை எடுத்துக்கொண்டு காசைக் கூடையில் வைத்தார். கூடை மேலே போனது. மீதிச் சில்லறையோடு திரும்பவும் இறங்கியது.

இரண்டு வருடமாக இப்படித்தான் அவர் வியாபாரம் நடக்கிறது. நகரும் படிக்கட்டு நின்றுவிட்டது. அதன் படிகள் சாதாரண மாடிப்படியைவிட உயரமானவை. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் தாழ்ந்து, நடுவில் உயர்ந்து நிற்பவை. நின்றுபோன படிக்கட்டில் முழங்கால் வலியுள்ளவர் ஏறவே முடியாது. பின்பக்க மாடிப்படியில் வெளிச்சம் இல்லை. வாடிக்கையாளரை இழக்கக் கூடாதென்று அந்த மனிதர் கூடையைக் கட்டினார். நாம் எல்லோரும் சேர்ந்து செய்யாததை அவர் தனியாகச் செய்திருக்கிறார்.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2009இல் போர் ஓய்ந்து, வீதித் தடைகள் அகன்று, கொழும்பிலிருந்து சரக்கு லொறி இரவோடிரவாக மட்டக்களப்புக்கு வந்து சேரத் தொடங்கிய காலம் அது. சுனாமிக்குப் பின் வந்த தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்த பிள்ளைகளின் கையில் மாதச் சம்பளம் இருந்தது. 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறந்தது. அதற்குமுன் 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்தில் ஒரு பக்க வாகனங்கள் போய் முடியும்வரை மறுபக்கம் காத்துக் கிடந்தோம். அடுத்த ஆண்டு மண்முனைப் பாலமும் வந்தது. துறையில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகுக்காக நின்று வாவியைக் கடந்த, மேற்குக் கரையான படுவான்கரையின் குடும்பங்கள் காலையில் வந்து மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பக்கூடிய நிலை உண்டானது.

அந்தச் சனம்தான் நம் கட்டடத்தை நிறைத்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம் நடக்க இடமிருக்காது. நோன்புப் பெருநாளுக்கு இரவு பதினொரு மணிவரை கடை திறந்திருக்கும். நகரும் படிக்கட்டைப் பார்க்கவென்றே ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். அதன் அடியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல் நின்று, ஆச்சியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிய ஒரு சிறுமியை என் கடை வாசலிலிருந்து பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

பிறகு விழுந்த அடிகளை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் நம் நகரத்துத் தேவாலயத்தில் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. அதன்பின் பல மாதங்கள் கூட்டம் கூடும் இடமென்றாலே மக்கள் அஞ்சினார்கள். பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள்கூட முகம் பார்த்துப் பேசத் தயங்கிய நாட்கள் அவை. அந்த நேரத்தில் தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் இருவர் இருவராக வாசலில் நின்று பைகளைச் சோதித்ததை இந்தச் சங்கம் மறக்கக் கூடாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. அந்த ஆண்டு மட்டும் நாட்டைவிட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கு மேல். நம்மிடம் வேலை பார்த்த விற்பனைப் பிள்ளைகளும் நம்மிடம் வாங்கிய பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியது. 100 ரூபாய் கட்டிய இடத்தில் 290 ரூபாய். பொதுமின் செலவைப் பங்கிட முடியாமல் நகரும் படிக்கட்டை நிறுத்தினோம். 2024இல் கட்டணம் குறைந்தது. படிக்கட்டு திரும்ப ஓடவில்லை. மேல்தளக் கடைகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலீடாக வாங்கிப்போட்டவை. பூட்டிக் கிடக்கும் கடைக்குப் பராமரிப்புப் பணம் தர அவர்களுக்கு மனம் வரவில்லை. நாம் அனுப்பிய கடிதங்களில் பலவற்றுக்குப் பதிலும் வரவில்லை. ஒரே ஆள் கையில் இருக்கும் கட்டடத்தில் ஒருவரிடம் பேசினால் காரியம் நடக்கும். இங்கே ஒரு மின்குமிழ் மாற்றுவதற்கும் இருபது பேரைத் தேட வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எல்லாம் காலத்தின் கொடுமை என்று அறிக்கையை முடித்திருப்பேன். ஐப்பசியில் நாம் நடத்திய கலந்துரையாடல் என் எண்ணத்தை மாற்றியது.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் கட்டடக்கலை படிப்பவர். விடுமுறையில் வந்தவரைப் பேச அழைத்தோம். அவர் விக்டர் குரூவன் என்ற கட்டடக்கலைஞரைப் பற்றிச் சொன்னார். 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாசிகள் 1938இல் ஒஸ்திரியாவைப் பிடித்தபோது தப்பி அமெரிக்கா போனவர். முழுவதும் கூரை மூடிய, குளிரூட்டிய முதல் பெருங்கடைத்தொகுதியை 1956இல் மினசோட்டா மாநிலத்தில் அமைத்தவர் அவர்தான். அவர் கட்ட விரும்பியது வியன்னா நகரத்துச் சதுக்கத்தைப் போல மக்கள் வந்து உட்கார்ந்து பேசும் இடம். கடைகள் அதைச் சுற்றி இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

1962இல் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரின் நடுவில் ‘மிட்டவுன் பிளாசா’ என்ற தொகுதியையும் அவரே வடிவமைத்தார். அதைக் கட்டியவர்கள் நம்மைப் போன்ற கடைக்காரர்கள். சனம் புறநகருக்குப் போய்விடும் என்று பயந்த இரண்டு பெரிய கடைகளின் உரிமையாளர்கள் சேர்ந்து நகர மையத்தைக் காப்பாற்றக் கட்டினார்கள். நிலத்துக்கு அடியில் வாகனத் தரிப்பிடம். நடுமுற்றத்தில் பன்னிரண்டு நாடுகளின் பொம்மைகள் சுழலும் பெரிய கடிகாரம். நத்தார் காலத்தில் பிள்ளைகள் ஏறிச் சுற்றிவர மேலே ஓடும் சிறு ரயில். முப்பது வருடம் அது ஊரின் நடுவீடாக இருந்தது. புறநகரில் இலவசமாக வாகனம் நிறுத்தக்கூடிய தொகுதிகள் பெருகின. 1990களில் அந்த இரண்டு கடைகளும் மூடின. 2008இல் தொகுதியே மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. கடிகாரத்தை விட மனமில்லாமல் ஊரார் அதை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

அப்போது நம் ஸ்டூடியோக்காரர் எழுந்து, “ரொச்செஸ்டரா? கொடாக் கம்பனியின் ஊரல்லவா?” என்று கேட்டார். ஆம், அதே ஊர்தான். 1980களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் அங்கே மட்டும் 60,000க்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தது. 2012இல் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. ஸ்டூடியோக்காரர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. மஞ்சள் பெட்டியில் வந்த படச்சுருளை விற்றுத்தான் தம் இரு பிள்ளைகளையும் படிக்கவைத்ததாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வேறெங்கோ ஒரு ஊரின் கதை என்று கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அந்த மகள் கடைசியில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். “மாமா, இங்கே நடுமுற்றத்தில் வாங்குகள் இருந்தனவே, அவை எங்கே?”

ஆறு வாங்குகள் இருந்தன. வியாபாரம் கொழித்த காலத்தில், அந்த இடம் வீணாகிறது என்று அவற்றை எடுத்துவிட்டுத் தொலைபேசி உறை விற்கும் தட்டிக்கடைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தோம். தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். கூட்டக் குறிப்பில் என் பெயர் இருக்கிறது. வெல்லாவெளியிலிருந்து பஸ் ஏறி வந்த தாய்மார் அந்த வாங்குகளில்தான் பைகளை வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, அடுத்த கடைக்கு எழும்பிப் போவார்கள். உட்கார இடம் இல்லாமற்போனதும் ஒரு சாமான் வாங்கினார்கள், வெளியே போனார்கள். தட்டிக்கடைகளும் இரண்டு வருடத்தில் போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது உடைந்த கண்ணாடி அலமாரி கிடக்கிறது.

மலசலகூடத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கூட்டங்களில் நாம் பேச வெட்கப்படும் விடயம் இது. நான்கு வருடமாகப் பெண்கள் பக்கத்துக் கதவு பூட்டியே இருக்கிறது. வாகரையிலிருந்தோ மண்டூரிலிருந்தோ ஒரு பெண் காலையில் நகரத்துக்கு வந்தால் மாலைவரை எங்கே போவார்? கைகழுவத் தண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் உள்ள கடைக்குத்தான் அவர் குடும்பத்தோடு போவார். காத்தான்குடியிலும் கல்முனையிலும் வீதியோரத்தில் எழும்பியுள்ள புதிய கடைகளில் இந்த வசதிகள் இருக்கின்றன. நகரும் படிக்கட்டைத் திருத்துவதைவிட இதைத் திருத்துவது அவசரம் என்பது என் உறுதியான கருத்து. செலவும் குறைவு.

இவ்வாண்டு நடந்த நல்ல காரியம் ஒன்று. பூட்டியிருந்த கீழ்த்தளக் கடைகள் இரண்டின் உரிமையாளர்களிடம் தொலைபேசியில் பேசி, பங்குனி, சித்திரை இரண்டு மாதங்களுக்கு வாடகையில்லாமல் திறந்தோம். ஒன்றில் மருதமுனைக் கைத்தறிச் சாரன்களும் சேலைகளும். மற்றதில் படுவான்கரைப் பெண்கள் கொண்டுவந்த கட்டித்தயிர், தேன், பனையோலைப் பெட்டிகள். தயிர்ச் சட்டிகள் பத்து மணிக்கே முடிந்துவிடும். தயிர் வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கடைகளிலும் ஏறி இறங்கினார்கள். கடை போட வந்த அந்தப் பெண்களுக்கு இடங்கொடுத்த உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி. அந்த இரண்டு உரிமையாளர்களும் வருகிற ஆண்டுக்கும் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

நிர்வாகக் குழுவின் சார்பில் சபையின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். பெண்கள் மலசலகூடத்தைத் திருத்தி, துப்புரவுக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க மாதச் சந்தாவை உயர்த்த வேண்டும். பின்பக்க மாடிப்படிக்கு வெளிச்சமும் கைப்பிடியும் போட வேண்டும். உடைந்த அலமாரியை அகற்றி, நடுமுற்றத்தில் ஆறு வாங்குகளைத் திரும்பப் போட வேண்டும். பழைய வாங்குகளில் நான்கு நம் களஞ்சிய அறையில் இருக்கின்றன. நானும் காவலாளியும் போன ஞாயிறு அவற்றைக் கழுவி வெயிலில் காயவைத்தோம். கால் ஆடுகிற ஒன்றைத் தவிர மற்றவை உறுதியாக இருக்கின்றன. மீதி இரண்டுக்கும் மரம் என் செலவு.

மூன்றாவது கோரிக்கையை நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் கை உயர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.