அம்மாவின் பெயரிலும் ஒரு ரிப்போர்ட் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் பெண்கள் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு என்ன வைக்கலாம், பரீட்சை நேரத்தில் என்ன கொடுக்கலாம், வீட்டுப் பெரியவர்களின் மூட்டுவலிக்கு என்ன செய்யலாம் என்று எல்லாம் வருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் இத்தனையும் செய்கிற அந்த அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினாள், தன் உடம்பைக் கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினாள் என்று கேட்டு ஒரு வரி வருவதில்லை. அதை எழுதச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

நான் கும்பகோணம் பக்கம் ஒரு லேபில் பல வருடமாக ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போதே பெண்கள் வந்து நிற்பார்கள். கணவரின் ஃபைல், மாமியாரின் ஃபைல், காய்ச்சல் விடாத பிள்ளையின் சீட்டு எல்லாம் கையில் இருக்கும். கணவரின் மூன்று மாதச் சர்க்கரை அளவு போன தடவை எவ்வளவு, அதற்கு முந்தின தடவை எவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். "உங்களுக்கு எப்பம்மா பார்த்தீங்க?" என்று கேட்டால், "எனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்" என்று பதில் வரும். சொல்கிறவரின் கண் இமையின் உட்பக்கம் வெளுத்துக் கிடக்கும். வற்புறுத்தி உட்கார வைத்து எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று வரும். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு. நாற்பதைத் தாண்டாத பெண், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை "வயசாயிடுச்சு போல" என்று நினைத்து விட்டுவிடுகிறார். மாதவிடாய் பத்து நாள் நிற்காமல் போவதைக்கூட, கேட்டால்தான் சொல்கிறார்.

இது எங்கள் லேப் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல் என்றால், உங்கள் தெருவில் யார் என்று தேடவே வேண்டாம்.

சர்க்கரைப் பரிசோதனையில் இன்னொன்றைப் பார்க்கிறேன். வெறும் வயிற்றில் ஒரு தடவை, அப்புறம் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். ஆண்கள் வந்தால் எதிரில் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, இரண்டாவதையும் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். பெண்களில் நிறையப் பேர் முதல் ரத்தத்தோடு சரி. ஸ்கூல் வேன் வரும், குக்கர் வைக்கணும், தண்ணி வர்ற நேரம், "வந்துடறேன்மா" என்று போகிறவர்கள் திரும்ப வருவதில்லை. அவர்கள் பெயர் எழுதின குழாய் ஸ்டாண்டில் காலியாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வெறும் வயிற்றுக் கணக்கு மட்டும் சரியாக இருந்து, சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரை நிறையப் பேருக்கு உண்டு, அந்த இரண்டாவது ரத்தம் இல்லாவிட்டால் அது தெரியாமலே போய்விடும்.

கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் நிலைமை அப்படியே தலைகீழ். 2007-லேயே நம் மாநிலத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய அரசு உத்தரவு போட்டது, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறோம். அந்த இரண்டு மணி நேரமும் கூடவே கணவர் இருப்பார், அம்மா இருப்பார், மாமியார் விசிறிவிடுவார், எழுந்திருக்காதே என்பார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் வீடே பதறும். பிரசவம் ஆனதும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ரொம்ப அதிகம். அதனால் பிரசவமான ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு தடவையும், அப்புறம் அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவதும் பார்த்தே ஆக வேண்டும். அப்படி வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குழந்தைக்குத் தடுப்பூசி ஒரு நாள் தப்பாது, அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள், தன் கையை நீட்டி ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க நேரம் இருக்காது. பல வருடம் கழித்து, கால் புண் ஆறவில்லை என்று வருகிறபோதுதான் அந்தக் கர்ப்ப காலச் சர்க்கரை ஞாபகம் வருகிறது. குழந்தை வயிற்றில் இருந்தவரை அவளைத் தாங்கின குடும்பம், குழந்தை கைக்கு வந்ததும் ஏன் அவளை மறந்துவிடுகிறது?

நேரம் இல்லை என்று அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவழிப்பது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இது 299-ம் 97-ம். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று பார்த்தால், ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! மிக்ஸியும் வாஷிங் மெஷினும் மிச்சப்படுத்திக் கொடுத்ததுதான் அந்தப் பத்து நிமிடமாக இருக்கும், வீட்டில் யாரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு வந்தது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் அம்மாக்களின் காலை நேரத்தை மிச்சப்படுத்தின ஒரு விஷயம் என்றால், பள்ளிக்கூடத்தில் காலை உணவுத் திட்டத்தைச் சொல்வேன். 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து மறுவருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. குழந்தையின் பசிக்கு என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். வயல் வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்கள், அதனால் தாங்களும் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப முடிகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா தனக்காக நேரம் ஒதுக்கணும் என்றால் உடனே, அதெல்லாம் வசதியானவர்கள் பேச்சு, பியூட்டி பார்லர், டூர் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் கேட்பது அது இல்லை. சோறு சூடாக இருக்கும்போது சாப்பிடுவது, குழந்தை மிச்சம் வைத்த இட்லியையும் ராத்திரி மீந்த சோற்றையும் வீணாகக் கூடாது என்று தன் வயிற்றில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது (சர்க்கரை உள்ள பெண்கள் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள்), தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணி நேரமாவது காபியைத் தள்ளிப்போடுவது, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காமல் இருப்பது, சாயங்காலம் அரை மணி நேரம் நடப்பது, ஏழு மணி நேரம் தூங்குவது. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுந்தவுடன் எல்லோருக்கும் காபி போட்டு அடுப்படியிலேயே தானும் ஒரு வாய் குடித்துவிடுகிற பெண், அந்த மாத்திரையை எப்போது சரியாகப் போடுவாள்? போட்டும் கேட்கவில்லை என்று டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போகிறார்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு அம்மாவுக்குக் கோவில் கிடையாது, கல்யாணம் கிடையாது, பிள்ளை படிக்கிற வரை முழித்திருந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் அவனை எழுப்புவதற்கு அவனுக்கு முன்னால் எழுந்திருக்கணும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அலாரம் வைத்துக்கொள்ளத் தெரியும், டீ போடவும் கற்றுக்கொள்ளலாம். இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சாயங்காலம் நடக்கப் போகிற பெண்ணைப் பார்த்து, "புள்ளைங்கள விட்டுட்டு வாக்கிங் போறா பாரு" என்று சொல்வதும் பக்கத்து வீட்டு அம்மாவாகவே இருக்கிறார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். உங்களாலும் முடிந்தால் அவளோடு சேர்ந்து நடங்கள்.

குழந்தை பெற்ற புதிதில் காரணமில்லாமல் அழுகிற பெண்களைத் "திமிர்" என்று திட்டுவதையும் கேட்டிருக்கிறேன். அது மருத்துவம் பார்த்தால் சரியாகக்கூடிய மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள்.

காசு இல்லை என்பதற்கும் வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டின பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் ஆரம்பப் பரிசோதனை உண்டு. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. லேபில் வேலை பார்க்கிற நானே சொல்கிறேன், இதற்கெல்லாம் தனியாரிடம் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, முதலில் அங்கே போங்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். பெண்கள் பக்கத்தில் ஒரு ஓரத்தில், எந்த ஊர் சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை என்ன பரிசோதனை என்று மாவட்டவாரியாகப் போடுங்கள். எங்கள் லேபில் ஞாயிற்றுக்கிழமையும் விடியற்காலையிலேயே திறக்கலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார். அன்றைக்கு ஒரு நாள் காலை டிபனையும் பிள்ளைகளையும் வீட்டில் ஆண்கள் பார்த்துக்கொண்டால், அம்மா வெறும் வயிற்றில் வந்து, இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து, இரண்டாவது ரத்தத்தையும் கொடுத்துவிட்டே வீட்டுக்கு வரலாம்.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் வாசகி ஒருவர்,
கும்பகோணம்.