ஆர்வம் இருக்கிறது, தண்ணீரும் நிற்கிறது

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும் தோட்ட முகாமையாளர் அவர்களுக்கும்,

வணக்கம். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை, எல்லாரும் போனோடு கிடக்கிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். மைதானத்தில் லொறி நிறுத்தவும் அதுவே காரணமாயிற்று.

பத்து வயதுப் பிள்ளைக்கு உடம்பைப் பற்றிக் கவலையில்லை. கூட்டாளி வந்தால் வரும்; வெளியே உட்கார வைத்தால் மறுநாள் வராது. இளைஞர்களுக்குப் போட்டி வேண்டும். சித்திரைக்குக் கரப்பந்துச் சுற்றுப்போட்டி என்று அறிவித்துப் பாருங்கள், யாரும் கூப்பிடாமலே பயிற்சி தொடங்கும். அறுபதைத் தாண்டியவர்கள் சீனி, பிரஷர் கிளினிக்கில் நடக்கச் சொன்னதால் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சமதரை. மைதானத்தை விட்டால் இந்த மலையில் அது எங்கே இருக்கிறது?

நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் பெண்களுக்கு எதற்கு உடற்பயிற்சி என்பீர்கள். கொழுந்துச் சுமை இழுத்த கழுத்துக்கும் குனிந்த இடுப்புக்கும் அந்த நடை மருந்தாகாது. நிமிர்ந்து கை தூக்கும் அசைவு வேண்டும். வலைப்பந்தில் அது கிடைக்கிறது. அவர்கள் வருவதோ நாலு பேரோடு சிரித்துப் பேச. ஆனால் கொழுந்தை எடைபோட்டு, வீட்டு வேலை முடிப்பதற்குள் இருட்டிவிடும். விளக்கும் கழிப்பறையும் இல்லாத இடத்துக்குப் பதின்மூன்று வயது மகளை எந்தத் தாய் அனுப்புவாள்?

மலையை வெட்டி நிரவிய மைதானம் இது. மேல்பக்கக் கான், அதாவது வடிகால், தூர்ந்துவிட்டதால் சரிவுத் தண்ணீர் முழுவதும் நடுவில் இறங்குகிறது. லொறி ஏறி இறுகிய களிமண் அதை உறிஞ்சுவதில்லை. சில்லுத் தடத்தில் கால் மாட்டினால் கணுக்கால் பிசகும். மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை இதே கதிதான்.

லொறிகளை எடுங்கள், கானை வெட்டுங்கள். ஒன்றரை அடி ஆழம் போதும். பிறகு இறுகிய மண்ணை முள்ளுக் கரண்டியால் குத்தி இளக்கி, தடங்களை மூடி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நூறு அடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்துப் புல் பதிக்க வேண்டும். கான் வெட்டத் தோட்டத்துக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும்!

சந்தியில் நாடா வெட்டித் திறந்த உடற்பயிற்சிக் கருவிகளுக்கும் நன்றி. கிரீஸ் காணாத பெயரிங்குகள் பனியிலும் மழையிலும் துருவேறி இறுகிவிட்டன. உடுப்புக் காயப்போட வசதியாக இருக்கின்றன. பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்ற பதிலும் செல்லாது.

கோபத்தில் எழுதியதாக எண்ண வேண்டாம். லொறிகளை எடுத்து, கானை வெட்டி, இரண்டு மின்விளக்கும் ஒரு கழிப்பறையும் தாருங்கள். எல்லாம் ஒரே தடவையில் முடியாதென்றால், கரப்பந்துக்கு 18க்கு 9 மீற்றர், சுற்றிலும் 3 மீற்றர்: அந்தத் துண்டையாவது மே மழைக்கு முன் ஒதுக்கித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்ட விளையாட்டுக் கழகப் பயிற்றுநர்கள்