எங்கள் வாசற்படியைக் கூட்டியவருக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் மகள் பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று ராத்திரி தன் கட்டிலில், தன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கினாள். இனி அவ்வப்போது கொண்டுவந்து காட்டினால் போதும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத என் கைக்குத் தெம்பில்லை. நன்றி சொல்வதற்காக மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். நாலு நாள் தள்ளிப் போட்டால் துணி துவைப்பது, பள்ளிக்கூடம், சமையல் என்று வாழ்க்கை என்னை இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி கீழ்வீட்டு அம்மாவுக்கு. உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. இந்த மடலை அவரால் படிக்கவும் முடியாது. ஆனாலும் அவர் செய்தது உங்களுக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஜெர்மனியில் இந்த ஸ்டுட்கார்ட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குக் கேர்வோஹெ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மதுரையிலும் அமெரிக்காவில் ஒஹையோவிலும் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கூட்டுகிற முறை வீட்டுக்கு வீடு மாறி மாறி வரும். யாருடைய வாரமோ அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். அந்த வாரம் மாடிப்படி, நிலவறைக்குப் போகிற வழி, குப்பைத்தொட்டி இருக்கிற இடம், வெளியே நடைபாதை எல்லாம் அந்த வீட்டின் பொறுப்பு. கூட்டித் துடைத்து முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். பனி பெய்தால் வேலை இரண்டு மடங்கு. வார நாளில் காலை ஏழு மணிக்குள் நடைபாதையில் பனியை ஒதுக்கி, சரளைப் பொடி தூவியிருக்க வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் கேள்வி அந்த வாரத்துக்காரர்களிடம் வரும். அவரவர் குப்பையை வாரா வாரம் அகற்ற வேண்டும் என்று 1492-லேயே இந்த ஊர்ச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மன்ஃப்ரெட் ரோம்மல் மேயராக இருந்தபோது, 1988-இல், மாநகராட்சி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. வாடகை ஒப்பந்தங்களில் அது அப்படியே இருக்கிறது. ஜனங்கள் மனசில் இன்னும் கெட்டியாக இருக்கிறது. புதிதாகக் குடிவந்த குடும்பத்தை இந்த ஊர் எடைபோடுவது அதை வைத்துத்தான்.

நாங்களோ அமெரிக்கக் குடும்பம். நாலு பேர் கையிலும் அமெரிக்கக் கடவுச்சீட்டு. அங்கே அடுக்குமாடியில் இருந்தபோது படிக்கட்டை யார் துடைக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதற்கென்று ஆள் வருவார்கள், போவார்கள். இங்கே வந்த பிறகு என் கணவர் இந்த வேலையை ஆசையாகப் பழகிக்கொண்டார். எங்கள் வாரம் வந்தால் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சின்ன விளக்குமாற்றோடு இறங்கிவிடுவார்கள். கீழ்வீட்டு அம்மாவோடு எங்களுக்கு இருந்த பழக்கமெல்லாம் அந்தப் படிக்கட்டில்தான். "க்ரூஸ் காட்" என்று அவர் வணக்கம் சொல்வார், "க்ரூஸ் காட்" என்று நாங்கள் சொல்வோம். அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார்.

அன்று ராத்திரி நாங்கள் வீட்டை எந்தக் கோலத்தில் விட்டுவிட்டு ஓடினோம் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நானும் என் கணவரும் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியில் இருந்தோம். குளிக்க, துணி மாற்ற, எங்கள் பையன் தம்பிக்கு ஏதாவது சமைத்து வைக்க என்றுதான் வீட்டுக்கு வருவோம். கேர்வோஹெ என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. குளிர்காலம் பாதி போன பிறகு, ஒருநாள் ராத்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, உப்பிப் போன முகத்தோடு என் கணவர் கேட்டார்: "நம் முறை ஏன் வரவே இல்லை?"

எதிர்வீட்டில் இருக்கும் கல்லூரி மாணவரைக் கேட்டோம். அவர்தான் சொன்னார். எங்கள் முறை வரும்போதெல்லாம் கீழ்வீட்டு அம்மா இரண்டு மாடி ஏறி வருவாராம். எங்கள் கதவில் மாட்டியிருக்கிற பலகையைக் கழற்றிக் கீழே கொண்டுபோய்த் தன் கதவில் மாட்டிக்கொள்வாராம். எங்கள் வாரத்தையும் செய்வார், பிறகு தன் முறை வந்தால் தன் வாரத்தையும் செய்வார். யாரையும் கூட்டி வைத்து "பாவம், அந்தக் குடும்பத்துக்கு இப்படி ஆகிவிட்டது, நாம் எல்லோரும் சேர்ந்து செய்வோம்" என்று பேசவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நாங்கள் கூச்சப்படுவோம், வேண்டாம் என்போம், அதுவும் எங்களுக்கு ஒரு பாரம் என்று நினைத்திருக்க வேண்டும். பலகை எங்கள் கண்ணிலேயே படாதபடி பார்த்துக்கொண்டார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது. நான் வரும்போதெல்லாம் எங்கள் தளத்துப் படி ஈரமாக, சோப்பு வாசனையோடு இருக்கும். அன்று ராத்திரி அவசரத்தில் வெளியே உதறிப் போட்ட செருப்புகளும், பாப்பாவின் மஞ்சள் மழைக்காலணியும் ஜோடி ஜோடியாகச் சுவர் ஓரம் நிற்கும். என் கணவர் வைத்திருப்பார் என்று நான் நினைத்தேன். நான் வைத்ததாக அவர் நினைத்திருக்கிறார். மழைக்காலணியில் ஒட்டியிருந்த சேற்றைக்கூட யாரோ கழுவியிருந்தார்கள்.

என் கணவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வளர்ந்தது ஒஹையோவில். பனி விழுந்த காலையில் பக்கத்து வீட்டு முதியவரின் வாசலில் பனியைத் தள்ளிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அவர் அப்பா சொல்லி வளர்த்தவர். நாற்பது வயதில், இன்னொரு கண்டத்தில், ஒரு வயதான அம்மா தன் பங்குப் பனியைத் தள்ளியிருக்கிறார் என்று கேட்டதும், அத்தனை வாரமாக ஆஸ்பத்திரியில் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அவருக்கு அங்கேதான் வந்தது.

எனக்கு மதுரை ஞாபகம். எங்கள் தெருவில் விடிந்த பிறகும் ஒரு வீட்டு வாசல் தெளிக்காமல், கோலம் போடாமல் கிடந்தால், அந்த வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று தெருவே புரிந்துகொள்ளும். குரலைத் தாழ்த்திப் பேசும். இரண்டு மாதத்துக்கு மேல் எங்கள் வீட்டில் விளக்கேற்ற எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் வாசல் ஒருநாள்கூட அப்படிக் கிடக்கவில்லை. கோலம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர், எங்கள் முறை வந்த ஒவ்வொரு வாரமும் அதைக் கூட்டித் துடைத்து, நல்லது நடக்கிற வீடு மாதிரி வைத்திருந்தார். நான் மேலே ஏறி வந்து பூட்டைத் திறக்கும்போது, எனக்கே தெரியாமல் எனக்குக் கிடைத்த தைரியத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது என்று இப்போது நம்புகிறேன்.

மறுநாள் கீழே போய்க் கதவைத் தட்டினேன். என் ஜெர்மனில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன், மீதியை அழுதேன். அவர் கையை அசைத்து, "படி எப்படியும் கூட்ட வேண்டியதுதானே" என்றார். பிறகு, "குழந்தை எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். திட்டாமல் விட்டாலே பாராட்டிய மாதிரி என்று இந்த ஸ்வாபியப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. நன்றி கேட்டு நிற்கிற பழக்கம் இவர்களுக்கு இல்லை. அதனால்தான் அவர் காதுக்கு எட்டாத இடத்தில், என் மொழியில், முழுசாகச் சொல்லிக்கொள்கிறேன். அம்மா, உங்களுக்கு நூறு வயசு. உங்கள் கைகால் சுகமாக இருக்க வேண்டும்.

மற்றவர்களைத் தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது. இடியப்பமும் சொதியுமாகத் தூக்கில் கொண்டுவந்து, "ஒண்டும் யோசியாதேங்கோ" என்று சொல்லிவிட்டு என்னைச் சாப்பிட வைத்துவிட்டே போன யாழ்ப்பாணத்து அக்காவுக்கு. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனபோது பாப்பா பேரில் அர்ச்சனை செய்து, குங்குமத்தைத் தபாலில் அனுப்பிய அவருடைய தங்கைக்கும். தினமும் காலையில் படிக்கட்டுச் சந்தின் அடியில் தம்பிக்காகக் காத்திருந்து, அவனைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கு நடந்த பிள்ளைகளுக்கு. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள் விளக்கு ஊர்வலத்துக்குப் பாப்பாவின் பெயரிலும் ஒரு காகித விளக்கு செய்து, அதை ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போய், மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பிய வகுப்புக்கும் டீச்சருக்கும். ராத்திரி முறைக்குத் திறந்திருந்த மருந்துக்கடையில் ஜன்னல் வழியாக மருந்தை நீட்டி, என் முகத்தைப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீரையும் நீட்டிய அந்தப் பெண்ணுக்கு. அமெரிக்கர்களின் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை இங்கே சாதாரண வேலைநாள். முழு வான்கோழிக்குக் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லி வைத்து, வாங்கி, வறுத்து, ஹொக்கைடோ பூசணியில் பை செய்து, ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறைக்கே எடுத்துவந்த ஃபைஹிங்கன் பகுதி நண்பர்களுக்கு. அன்றைக்கு அந்த உணவு என் கணவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

என் மாமியாருக்கும். விசா இல்லாமல் வருகிற அமெரிக்கர்கள் 180 நாளில் 90 நாள்தான் இங்கே தங்கலாம் என்று விதி. அந்தக் கடைசி நாள்வரை இருந்து, தம்பிக்குச் சமைத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்று சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வைத்து, விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவருக்கு செல்சியஸ் புரியாது. அதைக் கவனித்த ஒரு நர்ஸ், பாப்பா கட்டில் அருகில் இருந்த பலகையில் காய்ச்சலை 39.2 என்று எழுதியதற்குப் பக்கத்தில் ஃபாரன்ஹீட்டில் 102.6 என்றும் எழுதி வைக்க ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. அந்த நர்ஸுக்கு என் வணக்கம்.

இன்னொரு நன்றி, முகம் தெரியாதவர்களுக்கு. என் கணவர் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். அமெரிக்காவில் தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று, மயக்க மருந்து டாக்டரிடமிருந்து ஒன்று என்று மாதக்கணக்கில் உறைகள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. இங்கே அப்படிப் பில் எதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் பெரியவர்கள் கட்டுகிற நாளொன்றுக்குப் பத்து யூரோவும் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிடையாது. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய பெற்றோருக்கு அந்த நாட்களுக்கெல்லாம் காப்பீட்டிலிருந்து பணம் தர வேண்டும் என்று 2024-லிருந்து சட்டம். அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் வேலையைக் காப்பாற்றித் தரும், அதுவும் குறைந்தது 50 பேர் இருக்கிற நிறுவனத்தில், சம்பளம் தராது. அங்கே என் சிநேகிதிகள் சிலர் பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. நான் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், மாதா மாதம் தன் சம்பளத்திலிருந்து ஒரு பங்கைக் கொடுத்த யாரோ ஒரு பஸ் ஓட்டுநர், யாரோ ஒரு பேக்கரிக்காரர் காரணம். பஸ்ஸில் ஏறும்போது இப்போதெல்லாம் ஓட்டுநரைப் பார்த்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நாங்கள் வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். இந்த ஊரில் இருக்கிற வரைக்கும் கீழ்வீட்டு அம்மாவின் பனியை நாங்கள் தள்ளுவோம். முழுப் பலகையையும் எடுத்துக்கொள்ளக் கேட்டோம். தன் படியைத் தான்தான் கூட்டுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பனிக்கு மட்டும், அதுவும் தம்பி வந்தால் சரி என்று ஒத்துக்கொண்டார். அவன் உயரத்துக்கு ஒரு பனித்தள்ளு வாங்கியாகிவிட்டது. என்றாவது ஒருநாள் ஒஹையோவுக்கே திரும்பிப் போனாலும், பக்கத்து வீட்டில் விளக்கெரியாமல் இருந்தால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல், அவர்கள் வாசலில் இறங்கி வேலையைத் தொடங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் பாத்திரங்கள் எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கின்றன. கழுவி அடுக்கி வைத்திருக்கிறேன். பச்சை மூடி போட்ட டப்பாக்கள், இரண்டு எவர்சில்வர் தூக்கு, அடியில் ஏதோ எழுத்துப் பொறித்த ஒரு குழம்புச் சட்டி, ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம், இன்னும் நிறைய. எது யாருடையது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. வரும் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்போம். வந்து காப்பி குடித்துவிட்டு, பாப்பாவையும் பார்த்துவிட்டு, அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். சளி, இருமல் இருக்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து அடுத்த வாரம் வாருங்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
மூன்றாம் மாடியிலிருந்து பாப்பாவின் அம்மா