‘எல்லாம் மனமே’ என்பது ஒரு தரப்பு மட்டுமே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பௌத்தத் தத்துவக் கட்டுரை, ‘வெளியுலகம் இல்லை, எல்லாம் மனமே’ என்பதைப் பௌத்தம் முழுமைக்குமான கொள்கையாகச் சொல்கிறது. அது பௌத்தப் பிரிவுகளில் ஒன்றான, அறிவு மட்டுமே உண்டு என்னும் விஞ்ஞானவாதிகளான யோகாசாரரின் கொள்கை மட்டுமே. இன்னொரு பிரிவினரான வைபாடிகர் 75 தருமங்களை, அதாவது இருப்பின் அடிப்படைக் கூறுகளை, பட்டியலிட்டு, வெளிப்பொருள் உண்டு, அதை நேரே அறிகிறோம் என்றவர்கள். மூன்றாம் பிரிவினரான சௌத்திராந்திகரும் வெளிப்பொருளை ஒப்பியவர்களே. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில், அருணந்தி சிவாசாரியார் நான்காம் பிரிவினரான மாத்தியமிகரையும் சேர்த்து இந்த நால்வரையும் தனித்தனியே நிறுத்தித்தான் மறுக்கிறார்.

வழக்கின் முடிச்சு சௌத்திராந்திகரிடம் இருக்கிறது. அவர்கள் கொள்கைப்படி பொருள் ஒரு கணமே நிற்கும். அது காரணம், அறிவு காரியம். காரணம் முந்த வேண்டும். ஆகவே நீலம் என்ற அறிவு எழும்போது நீலப்பொருள் அழிந்துபோயிருக்கும். அறிவில் எஞ்சுவது அது பதித்த ஆகாரம், அதாவது வடிவம். பொருள் உண்டென்பது அனுமானம். அந்த அனுமானம்தான் எதற்கு என்று கேட்டவர்கள் யோகாசாரர். கட்டுரை இந்தப் படியை விட்டுவிட்டதால் அவர்கள் வாதம் ஆதாரமற்ற கற்பனை போலத் தெரிகிறது.

யோகாசார ஆசிரியர் வசுபந்து ‘விம்சதிகா’ என்ற நூலில் வெளிப்பொருளை மறுக்க அணுவையே பிடிக்கிறார். ஓர் அணுவை ஆறு திசையிலும் ஆறு அணுக்கள் ஒருசேரத் தொட்டால் அதற்கு ஆறு பக்கம் வந்துவிடும். பிறகு அது பகுபடாத அணு அல்ல. ஆறும் ஒரே இடத்தில் அடங்கினாலோ திரள் முழுவதும் ஓரணு அளவுதான். பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகர் ‘ஆலம்பன பரீட்சை’ என்ற நூலில் எட்டே காரிகைகளில் (செய்யுள்களில்) இன்னும் இறுக்குகிறார்: அறிவின் விடயம், அதாவது அறியப்படும் பொருள், அறிவைப் பிறப்பிக்கவும் வேண்டும், அதில் தோன்றும் வடிவைக் கொண்டிருக்கவும் வேண்டும். அணு பிறப்பிக்கலாம், தோன்றாது. திரள் தோன்றும், ஆனால் கண்கோளாறில் தெரியும் இரண்டாம் நிலாவைப் போல மெய்யல்லாததால் பிறப்பிக்காது.

எனக்கு வலுக்குறைவாகப் படுவது வேறோர் இடம். வெளிப்பொருள் இல்லையென்றால் பலரும் ஒன்றையே காண்பது எப்படி என்ற கேள்விக்கு, ஒத்த வினையுடைய பிரேதங்கள் (பசியால் வாடும் ஆவிகள்) அனைத்தும் சீழ் ஆற்றைக் காண்பதை வசுபந்து காட்டுகிறார். பிரேதங்களை ஒப்பாதவரிடம் இது செல்லாது.

தன் மனம் ஒன்றே உண்டு என்பது யோகாசாரம் என்று கட்டுரை எழுதியது பெரும்பிழை. பிற மனங்களை நிறுவவே பௌத்தத் தருக்க ஆசிரியர் தருமகீர்த்தி ‘சந்தானாந்தர சித்தி’ என்று தனிநூல் செய்தார். யோகாசாரர் எல்லா அறிவுக்கும் அடித்தளமாகச் சொல்லும் ஆலய விஞ்ஞானமும், கட்டுரை சொல்வதுபோல் ஆன்மா அன்று. வாசனை விதைகளை, அதாவது முன்வினைகளின் பதிவுகளை, சுமந்து கணந்தோறும் மாறும் ஓட்டம் அது. இவ்விரண்டையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்