மூன்றாவது பாட்டோடு நிறுத்தாதே

கண்ணா,

உன் காது எப்படி இருக்கிறது? சிரிக்காதே. உடம்பைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்பாய், வேலையைப் பற்றிக் கேட்டால் போகிறது என்பாய். ஆகவே இந்த முறை காதிலிருந்து தொடங்குகிறேன். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதையே 90க்கு ஏற்றினால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. உள்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை அழிந்துபோனால் திரும்ப முளைப்பதில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே தூங்கிவிடாதே. சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றாதே. இதையே உன் அப்பாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. அதற்குக் காரணம் டெசிபல் அல்ல.

இங்கே எல்லோரும் நலம். மாடி அறை விவகாரம் ஒருவழியாக முடிந்தது. நீ சொன்னபடியேதான் முடிந்தது, அதனால் அத்தையிடம் அந்தப் பேச்சையே எடுக்காதே. தங்கை புது வேலையில் சேர்ந்துவிட்டாள், உனக்கு அவளே எழுதியிருப்பாள். வேறு செய்தி இல்லை.

நீ இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று விசாரிக்கத்தான் எழுதுகிறேன். ஞாயிறு வந்தால் ஆளுக்கொரு ஆல்பம் சொல்வது நம் வழக்கம். நீ வெளியே போன பிறகும் அது நிற்கவில்லை. பரீட்சைக் காலத்தில்கூட நீ ஒரு பெயரையும் நான்கு வரியையும் அனுப்பிவிடுவாய், அந்த நான்கு வரியில் இரண்டு என் ரசனையைக் கிண்டல் செய்வதாக இருக்கும். இப்போதெல்லாம் நான் ஒரு ஆல்பத்தின் பெயரை எழுதினால் உன்னிடமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மைப் படம் வருகிறது. மாமாவின் கேசட் பெட்டிக்காகத் தங்கையோடு சண்டை போட்ட பிள்ளை நீ. ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சரி, முதலில் என் முறை. நான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது இந்துஸ்தானி, கர்நாடக இசையை ஜாஸோடு சேர்த்து வாசித்த 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம். 1975-இல் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது, மறு வருடம் வெளிவந்தது. மொத்தமே மூன்று உருப்படிகள். முதலாவது 18 நிமிடம், கடைசி அரை மணிக்குச் சற்றுக் குறைவு, நடுவில் ஐந்து நிமிடம்கூட நீடிக்காத ஒரு மெல்லிய சங்கதி. மின்கிதாரில் இடி முழங்கிப் பெயர் வாங்கிய ஜான் மெக்லாஃப்லின் இங்கே மின்சாரத்தை விட்டுவிட்டுச் சாதாரணக் கிதாரோடு உட்கார்ந்திருக்கிறார். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். சின்ன வயதில் கேட்டபோது எனக்கு வேகம் மட்டும்தான் கேட்டது. இப்போது ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் சும்மா இருக்கும் இடங்கள் கேட்கின்றன. 2024 டிசம்பரில் ஜாகிர் மறைந்த பிறகு இதைத் தொடவே மனம் வராமல் இருந்தது. தொட்ட பிறகு விடவும் மனம் வரவில்லை.

2023-இல் அதே குழு 'திஸ் மோமென்ட்' வெளியிட்டதே, மறு வருடம் கிராமி விருதுகூட வாங்கியதே, அதில் விக்குவின் மகன் செல்வகணேஷ் வாசித்திருக்கிறார். முதல் ஆல்பத்தில் அப்பாவின் கடம், பின்னதில் பிள்ளையின் கஞ்சிரா. நடுவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. இதைப் படிக்கும்போது உனக்கு வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. நீ கஞ்சிராவை நிறுத்தியதைப் பற்றி நான் பேசுவதில்லை என்று சொல்லியிருக்கிறேன், பேசவும் இல்லை.

அதைவிட உன்னைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் கதை வேறு. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' ஆல்பத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஜெர்மன் இசைமேதை பாக் பெயர் தாங்கிய உருப்படி வந்ததும், "அம்மா, கீழே ஓடுவது வேறொருவருடைய பாட்டு, இவர் அதோடு சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்" என்றாயே, அந்தக் கதை. தனி வயலினுக்கு பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற தொகுப்பின் முகப்பு அது. அந்த ஆல்பம் 1986-இல் வந்தது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் சமர்ப்பித்தது. எத்தனையோ பெரியவர்கள் வருடக்கணக்காகக் கேட்டும் அதைக் கவனித்ததில்லை. நீ பல் விழுந்த வாயோடு கண்டுபிடித்தாய். அப்படிப்பட்ட காது அது. அதனால்தான் சத்தத்தைக் குறை என்கிறேன்.

பாக் என்றதும் நம் பழைய சண்டை ஞாபகம் வருகிறது. ஒரே மெட்டை வைத்து பாக் பின்னிய கோல்ட்பெர்க் மாறுபாடுகளை பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இரண்டு முறை பதிவு செய்தார். 1955-இல், 22 வயதில், 38 நிமிடத்தில் முடித்துவிட்டார். 1981-இல் பதிந்தது 51 நிமிடம். அந்த இரண்டாவது ஆல்பம் வெளிவந்த 1982-லேயே காலமானார். நீ எப்போதும் பின்னதன் பக்கம். வயதானவர் வாசிப்பதை இளைஞன் ரசிப்பதும், இளைஞன் வாசிப்பதை நான் ரசிப்பதும் வேடிக்கைதான். போன வாரம் உனக்காக 1981-ஐ மறுபடி முழுவதும் கேட்டேன். என் தீர்ப்பு மாறவில்லை. நீளம் அதிகமானதற்கு நிதானம் மட்டும் காரணமல்ல, சில பகுதிகளை இரண்டு தடவை வாசிக்கிறார் என்பதை நீ வாதத்தில் ஒப்புக்கொண்டதே இல்லை. ஆனால் கடைசியில், 30 மாறுபாடுகளும் முடிந்து முதலில் வந்த மெட்டு திரும்பி வரும்போது, அவர் வாய்க்குள் முனகிக்கொண்டே வாசிப்பது கேட்கிறது. அந்த இடம் மட்டும் உன் பக்கம்.

தூக்கம் வராமல் தவித்த ஒரு பிரபுவுக்காக இதை பாக் எழுதினார் என்றும், கோல்ட்பெர்க் என்ற பையன் இரவெல்லாம் பக்கத்து அறையில் அவருக்கு வாசித்துக் காட்டினான் என்றும் ஒரு கதை உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. 1741-இல் அச்சானபோது முகப்பில் எந்தப் பிரபுவின் பெயரும் இல்லை, அந்தப் பையனுக்கு அப்போது 14 வயது. கதை பொய்யாகவே இருக்கட்டும். தூக்கம் வராத மனிதனுக்குப் பக்கத்து அறையில் வாசிக்க ஒருவன் இருந்தான் என்பதைத்தான் அந்தக் கதையில் நான் கவனிக்கிறேன். உனக்குத் தூக்கம் வருகிறதா? சும்மா கேட்கிறேன்.

சும்மா கேட்கவில்லை. நாம் எல்லோரும் பாட்டுச் செயலியில் ஒரே கணக்கில்தான் பாட்டுக் கேட்கிறோம் என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. நான் விடியற்காலையில் போனைத் திறந்தால், வேறொரு கருவியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிறது. நான் எழுந்திருக்கும் நேரத்தில் உனக்கு நடுநிசி தாண்டியிருக்கும். தினமும் அதே ஆல்பம், அதே மூன்றாவது பாட்டு. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை உனக்குச் சொன்னவளே நான்தான், அதனால் ஆல்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மூன்றாவது பாட்டு, 'ப்ளூ இன் க்ரீன்', ஐந்தரை நிமிடம். குழுவின் சாக்ஸஃபோன்காரர் கேனன்பால் ஆடர்லி அதில் வாசிப்பதே இல்லை, ஒதுங்கி உட்கார்ந்துவிடுகிறார். பத்துப் பத்துத் தாள அளவுகளாகச் சுற்றி வருவதால் எங்கே தொடங்கியது, எங்கே முடிகிறது என்று பிடிபடாது. பியானோ வாசித்த பில் எவன்ஸ் அதை எழுதியவன் நான்தான் என்றார், அட்டையில் மைல்ஸின் பெயர் இருந்தது. அப்படி ஒரு மனத்தாங்கலும் அதற்குள் இருக்கிறது. திரும்பத் திரும்பப் போடுவதற்கென்றே செய்தது மாதிரியான பாட்டு. அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பப் போடாதே என்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1959 மார்ச் 2-ஆம் தேதி அந்த ஆல்பத்தின் முதல் மூன்று பாட்டுகளைப் பதிந்தபோது, பதிவு செய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும் அல்லவா? இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் ஓர் இழை உயர்ந்த சுருதியில்தான் 30 வருடத்துக்கு மேல் உலகமெங்கும் விற்றது. 1992-இல்தான் திருத்தினார்கள். மாமா பதிந்து கொடுத்த கேசட்டில் இருப்பது பழையது. என் காதில் இன்றும் ஒலிப்பது அதுதான். நீ கேட்பது திருத்தியது. அதனால் நீ கேட்பதை நான் கேட்கும்போதெல்லாம் அந்தப் பாட்டு எனக்குக் கொஞ்சம் சோர்ந்து இறங்கி ஒலிக்கிறது. சோர்வு பாட்டில் இல்லை, வேகத்தைத் திருத்தியதால் அப்படித் தோன்றுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இசைத்தட்டில் அந்த மூன்றாவது பாட்டோடு முதல் பக்கம் முடிந்துவிடும். எழுந்துபோய்த் திருப்பிப் போட்டாக வேண்டும். திருப்பினால் 'ஆல் ப்ளூஸ்', பதினொன்றரை நிமிடம், அடியில் அந்த நடை ஆடிக்கொண்டே இருக்கும், ஒதுங்கியிருந்த கேனன்பாலும் திரும்பி வந்துவிடுவார். நீ அதைக் கேட்டே வெகுநாளாகிறது. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டார் என்று ஸ்பாட்டிஃபை செயலி ஆல்பங்களைக் கலைத்துப் போடும் ஏற்பாட்டை மாற்றி, வரிசைப்படி ஒலிக்கச் செய்தது நினைவிருக்கிறதா? அன்று நீதான் எனக்கு அந்தச் செய்தியை அனுப்பினாய், "இனியாவது ஜனங்கள் ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்பார்கள்" என்று. அப்படி எழுதிய ஆள் ஒரே பாட்டில் உட்கார்ந்திருக்கலாமா? மூன்றாவதோடு நிறுத்தாதே. நான்காவதற்குப் போ. பிடிக்காவிட்டாலும் ஓடவிடு.

அதே கணக்கில் உன் பட்டியல் ஒன்று இருக்கிறதே, மழை என்று பெயர் வைத்தது, அதுவும் கண்ணில் பட்டது. அதில் இரண்டு பேர் மாறி மாறிப் பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது ஒருவர்தான் சேர்க்கிறார். யார் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. சேர்த்த பாட்டுகளைப் பார்த்தால் நல்ல காதுள்ள ஆள் என்று தெரிகிறது, அதை மட்டும் எழுதிவைக்கிறேன். அதில் சந்தூர் ஒலிக்கும் 'கால் ஆஃப் தி வேலி' ஆல்பத்தைச் சேர்த்தது நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். சந்தூர் என்றாலே நீ முகம் சுளிப்பாய். நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்காத ஆல்பத்தை யாரோ சொன்னதும் கேட்டாயே என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தக் கோபம் இல்லை. அந்த ஆல்பத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதே. 1967-இலிருந்து எத்தனையோ பேருக்கு நடுவில் இருந்து பழகிய ஆல்பம் அது, யாருடைய சொத்தும் அல்ல.

இதையெல்லாம் எழுதிவிட்டதால் நான் உன்னை வேவு பார்க்கிறேன் என்று நினைப்பாய். பாட்டுப் போட வந்த இடத்தில் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஒரு கணக்கில் ஒருவர்தான் கேட்க முடியும், நான் போட்டால் அங்கே உன்னுடையது நின்றுவிடும். அதனால் காலையில் நான் எதையும் போடுவதில்லை. உன் பாட்டு நின்ற பிறகுதான் என்னுடையது. சில நாட்கள் அது மிகவும் நேரம் கழித்து நிற்கிறது. சீக்கிரம் நிறுத்திவிட்டுத் தூங்கு. உனக்காக இல்லாவிட்டாலும், எனக்கும் ஏதாவது கேட்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆல்பத்தின் பெயர் அனுப்பு. நான்கு வரி வேண்டாம், காரணம் வேண்டாம். சோகமானதாக இருந்தாலும் அனுப்பு, என்னால் கேட்க முடியும். உன் தாத்தா போன வருடத்தில் நான் எதையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்பாவைக் கேட்டுப் பார், அவர் இன்னும் அந்த வீணைப் பதிவைக் கேட்டால் அறையை விட்டு வெளியே போய்விடுகிறார். ஆனால் ஆல்பமாக அனுப்பு, ஒற்றைப் பாட்டாக அனுப்பாதே.

ஆளுக்கொரு கணக்கு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இராது என்கிறார் அப்பா. நான் இன்னும் சம்மதிக்கவில்லை. உனக்குத் தனியாக வேண்டுமென்றால் என்னிடம் நேராகச் சொல். என்னைப் போல எட்டுப் பக்கம் சுற்றி வளைக்காதே.

அன்புடன்,
அம்மா