காசு கொடுக்கிறார்கள், சம்பளம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, அதைத் தவிரச் சொல்லச் செய்தி ஒன்றுமில்லை. நீ கேட்டதற்கு வருகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். உன் மகள் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் வந்தால் அந்தப் பணத்தில் அவளுக்கும் ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறாய். முதல் கேள்வியைக் காலம் தாண்டிவிட்டது. 2025 ஜூலை 1 முதல் கல்லூரியின் கணக்கிலிருந்தே வீரர் கைக்குப் பணம் போகிறது. அதை ஊதியம் என்று ஒப்புக்கொள்ள மறுப்பதுதான் இப்போதுள்ள தகராறு. இன்றைய குளறுபடிகளில் பாதிக்கு மேல் இந்த மறுப்பிலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கட்சி.

மறுப்பு பழையது. 1955-இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்துபோனார். மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, எனவே இழப்பீடு கிடையாது என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பயந்துதான் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கம்) 'மாணவ வீரர்' என்ற பெயரை எல்லா ஆவணங்களிலும் நுழைத்தது. அதன் தலைமை நிர்வாகியாக நெடுங்காலம் இருந்த வால்டர் பையர்ஸே பின்னாளில் அதை எழுதி ஒப்புக்கொண்டார்.

தொழில் இல்லை என்று சொன்ன இடத்தில் புரளும் காசைப் பார். 2010-இல் மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டிக்கு மட்டும் சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலர் கொடுக்க ஒப்பந்தம் போட்டன. 2022-இல், பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் தொலைக்காட்சி உரிமை ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலரைத் தாண்டியது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தத்தில் பாக்கி இருந்ததற்காக ஏழரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு! களத்தில் அடிபட்டவனுக்குப் படிப்புக் கட்டணம், அறை, சாப்பாடு, புத்தகம், கைச்செலவுக்குக் கொஞ்சம், அவ்வளவுதான்.

கதவைத் திறந்தவை நீதிமன்றங்கள். 2021 ஜூனில், வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தொட்டது கல்வி சார்ந்த சலுகைகளை மட்டும்தான். படிப்பில் தேறுவதற்காக ஆண்டுக்கு 5,980 டாலர் வரை கல்லூரி கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு அந்த வழக்கில் பிறந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து, ஜூலை 1-இல், வீரர்கள் தங்கள் பெயர், உருவம், புகழை விற்றுக்கொள்ளலாம் என்று சங்கமே இறங்கிவந்தது. இங்கே அதை என்.ஐ.எல். என்பார்கள். விளம்பரத்துக்கான வழி என்றுதான் சொன்னார்கள். ஒரே வருஷத்தில் பணக்கார ரசிகர்களும் பழைய மாணவர்களும் 'கலெக்டிவ்' என்ற பெயரில் நிதி திரட்டி வீரர்களை ஏலம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெயருக்கு ஒரு கையெழுத்து நிகழ்ச்சி, சும்மா ஒரு இன்ஸ்டாகிராம் பதிவு.

அதன் பிறகு, வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம். 2025 ஜூன் 6-இல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். 2016-இலிருந்து ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர், பத்து ஆண்டில். இனிமேல் ஆடுபவர்களுக்கு, ஒரு கல்லூரி 2025-26-இல் அதிகபட்சம் சுமார் 2.05 கோடி டாலர் வரை பங்கு கொடுக்கலாம். பெரிய கூட்டமைப்புகளின் சராசரி டிக்கெட், தொலைக்காட்சி, விளம்பர வருமானத்தில் 22 சதவீதம் என்பது கணக்கு.

அதை ஒரு கல்லூரியில் பிரித்துப் பார். புதிதாகச் சேர்த்த ஸ்காலர்ஷிப்புகளுக்காக 25 லட்சம் வரை இந்த வரம்பில் கழியும். அதைக் கழித்தால் 1.8 கோடி. பழைய பாக்கியைப் பிரித்த விகிதத்தையே பலரும் வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள்: கால்பந்துக்கு 75, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் 5. கால்பந்துக்கு 1.35 கோடி வருகிறது. 105 பேர் அணியில் தலைக்கு 1.29 லட்சம் சராசரி, ஆனால் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவனே பெரும் துண்டைக் கொண்டுபோய்விடுவான். ஆண்கள் கூடைப்பந்தில் 15 பேருக்கு 27 லட்சம், தலைக்கு 1.8 லட்சம். பெண்கள் கூடைப்பந்தில் தலைக்கு 60,000. மிச்சமுள்ள 9 லட்சத்தை நீச்சல், தடகளம், டென்னிஸ், மல்யுத்தம் என்று நூற்றுக்கணக்கானவர்கள் பங்கு போட வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவர்களுக்கு ஒரு டாலரும் வராது. இந்த விகிதம் 1972-இன் பாலினச் சமத்துவச் சட்டத்துக்குப் பொருந்துமா? பொருந்தியாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது.

என் மனக்குறை அந்த 2.05 கோடி வரம்பின் மேல்தான். தொழில்முறைக் கூடைப்பந்திலும் கால்பந்திலும் சம்பள வரம்பு இருக்கிறது. அங்கே அது வீரர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசிக் கையெழுத்தானது, அதனால் வியாபாரப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டம் அதைத் தொடாது. இங்கே வீரர்கள் ஊழியர்கள் அல்லர், ஆகவே சங்கமும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. வழக்குச் சமரசம் ஒன்றை நம்பி நிற்கிற வரம்பு இது. நாளைக்குச் சேருகிற மாணவன் இன்னொரு வழக்குப் போட்டால் மறுபடி முதலிலிருந்து. 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் சங்கம் கேட்டார்கள். அடுத்த வருஷம் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அதிகார வரம்பைப் பயன்படுத்தாமலே ஒதுங்கிக்கொண்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து அணி 13-2 என்று சங்கத்துக்கு வாக்களித்தது. வாரியத்தின் அமைப்பு மாறப்போகிறது என்று தெரிந்ததும் அந்த வருஷக் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள்.

ஒப்பந்தத் தாளைப் படித்தால் இன்னும் வேடிக்கை. கல்லூரி பணம் கொடுப்பது ஆடுவதற்கு அல்ல, பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமத்துக்கு என்று எழுதியிருப்பார்கள். சமையலுக்கு ஆள் வைத்துவிட்டு, அவர் பெயரை வாசலில் எழுதியதற்கு வாடகை தருகிறோம் என்று சொல்வது மாதிரி. வீரன் நடுவில் வேறு கல்லூரிக்குப் போனால் எதை மீறினான் என்று நிரூபிப்பது? 2025 ஜூனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மயாமி பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டதற்கு மூலம் இதுதான். தங்களோடு ஒப்பந்தம் போட்ட வீரரை இழுத்துக்கொண்டார்கள் என்பது புகார்.

வரியிலும் இதே கதை. பங்குத் தொகை 60,000 டாலர் வந்து, அதைச் சுயதொழில் வருமானமாகக் கணக்கிட்டால், வருமான வரிக்கு மேல் 15.3 சதவீதச் சுயதொழில் வரி. அது 92.35 சதவீதத் தொகையின் மேல் விழும், அதாவது 8,478 டாலர். சாதாரண ஊழியருக்கு இதில் பாதி முதலாளியின் தலையில். யாரும் பிடித்தம் செய்வதில்லை, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் தானாகக் கட்ட வேண்டும். பத்தொன்பது வயதுப் பையன் முதல் செக்கில் கார் வாங்கிவிட்டு அடுத்த ஏப்ரலில் விழிப்பான்.

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. சமரசச் செலவைக் காரணம் காட்டி 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் தன் நீச்சல் அணியைக் கலைத்தது. அதே மாதம் பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம், தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடிய கையோடு, விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே இல்லாத மூன்றாம் பிரிவுக்கு இறங்கப்போவதாக அறிவித்தது. என்.சி.ஏ.ஏ.வின் உச்ச மட்டமான முதல் பிரிவில் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள். பெரும்பாலானவற்றில் விளையாட்டுத் துறை நஷ்டத்தில்தான் ஓடுகிறது, மாணவர்களின் கட்டணம்தான் அதைத் தாங்குகிறது. அதனால் எல்லா விளையாட்டுக்கும் சம்பளம் என்பதை நான் ஏற்கவில்லை. பெரிய கூட்டமைப்புகளின் கால்பந்திலும் கூடைப்பந்திலும் வீரர்கள் ஊழியர்கள், சங்கம் வைத்துப் பேசட்டும். டென்னிஸ், நீச்சலில் முழு ஸ்காலர்ஷிப் நியாயமான கூலிதான்.

இனி மகள் விஷயம். மாணவர் விசா, அதாவது எஃப்-1, வைத்திருப்பவர் வகுப்பு நடக்கும் மாதங்களில், தனி அனுமதி இல்லாமல், வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் மட்டும்தான் வேலை செய்யலாம். விளம்பரப் படப்பிடிப்பு, காசுக்குப் பதிவு போடுவது எல்லாம் அனுமதியில்லாத வேலையாக எண்ணப்படலாம், விசாவே போய்விடும். டென்னிஸ் ராக்கெட் நிறுவனம் பணம் தராமல் இரண்டு ராக்கெட் கொடுத்துப் பதிவு கேட்டாலும் அது கூலிதான். விடுமுறையில் இந்தியா வந்து, அங்கேயே செய்து, அங்கேயே வரி கட்டுவதுதான் பலரும் பின்பற்றும் வழி. அதையும் குடிவரவு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும். வெளியார் தரும் என்.ஐ.எல். ஒப்பந்தம் 600 டாலரைத் தொட்டால், அவற்றைச் சரிபார்க்கும் 'என்.ஐ.எல். கோ' தளத்தில் ஐந்து வேலைநாளுக்குள் பதிய வேண்டும். ஊழியர் என்று ஒப்புக்கொண்டிருந்தால், அந்த 20 மணி வளாக வேலைக்குள் இவர்களையும் அடக்கலாம் என்று வாதாடவாவது முடியும். சங்கத்தின் விதிப்படி சீசனில் பயிற்சியும் வாரம் 20 மணிதானே!

ஆகவே பங்குப் பணத்தை மறந்துவிடு, ஸ்காலர்ஷிப்பைப் பிடி. சென்னையில் பள்ளி படித்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாவுக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரிகளுக்கான தேசிய டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றது அந்த வழியில்தான். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் பெண்கள் டென்னிஸுக்கு அணி வரம்பு 10. முன்பு எட்டு ஸ்காலர்ஷிப்தான். பத்தும் கொடுக்கலாம், ஆனால் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் இந்த ஏற்பாட்டில் சேரவே இல்லை. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி.

பயிற்சியாளரிடம் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: தொகை ஒரு வருஷத்துக்கா, நான்குக்கா? கோடை வகுப்பும் மருத்துவக் காப்பீடும் அதில் சேருமா? டென்னிஸ் அணிக்கு அடுத்த இரண்டு வருஷ பட்ஜெட் உறுதியா? (இதற்கு மழுப்பினால் வேறு கல்லூரி பார்.) காயம்பட்டால், 2024 ஆகஸ்ட் முதல் முதல் பிரிவுக் கல்லூரிகள் ஆட்டக்காலம் முடிந்தும் இரண்டு வருஷம் சிகிச்சைச் செலவைப் பார்க்க வேண்டும், அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

பெற்றோர் எதிர்பார்க்காத செலவு ஒன்று உண்டு. படிப்புக் கட்டணத்துக்கு வரி இல்லை, ஆனால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் தருவது வெளிநாட்டு மாணவருக்கு வருமானம். 14 சதவீதம் பிடிப்பார்கள். அது 16,000 டாலர் என்றால் 2,240 டாலர், அதைக் கல்லூரி உங்களிடமே கேட்கும். ஆனால் இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி இந்திய மாணவருக்கு நிலையான கழிவு (வரி போடாமல் வருமானத்தில் கழித்துவிடும் தொகை) உண்டு, 2025-க்கு அது 15,750 டாலர். வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்.ஆர். போட்டால் பிடித்ததில் பெரும்பகுதி திரும்பி வரும். மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு இந்தச் சலுகை இல்லை, அதனால் கல்லூரி அலுவலகத்தில் தெரியாது என்பார்கள். அவள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒரு கல்லூரியில் சேருவதாக வீரர் கையெழுத்திடும் பழைய தேசிய ஒப்புதல் கடிதம் 2024 அக்டோபரில் ஒழிந்துவிட்டது. இப்போது நிதியுதவி ஒப்பந்தம் ஒன்றுதான் எல்லாம். அது வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும், பின்னிணைப்போடு சேர்த்து, எனக்கு ஸ்கேன் செய்து அனுப்பு. தொகையைக் குறைக்கும் நிபந்தனைகள் பெரும்பாலும் பின்னிணைப்பில்தான் கிடக்கும்.

அன்புடன்,
ரகு